பால் யாருக்கு ஒத்துக்கொள்ளவில்லை

மைசூரு ஹெப்பாளில் எந்த மருந்துக்கடைக்குப் போனாலும் கல்லாவுக்குப் பின்னால் ஒரு தட்டு முழுக்கக் குழந்தைகளுக்கான பால்பவுடர் டப்பாக்கள் அடுக்கியிருக்கும். தொழிற்பேட்டை, இன்ஃபோசிஸ் வளாகம், அவற்றை ஒட்டி முளைத்த அடுக்ககங்கள் என்று இளம் தம்பதிகள் நிறைந்த பகுதி. சரக்கு தேங்காது. டப்பா ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள், குழந்தைப் படம் இருக்காது. 1992இல் வந்த சட்டம் டப்பாவின் மேல் தாய், குழந்தை படங்களைப் போடக் கூடாது என்றது. தாய்ப்பாலே சிறந்தது என்ற வரியைப் பெரிய எழுத்தில் அச்சிடச் சொன்னது. விளம்பரத்தையும் தடுத்தது. அப்படியும் தட்டு நீண்டுகொண்டேதான் போகிறது. லாக்டோஸ் இல்லாதது, சோயா, புரதத்தைத் துண்டு துண்டாக நறுக்கியது, அமினோ அமிலம் வரைக்கும் உடைத்தது என்று ரகங்கள். கடைசி இரண்டின் விலை சாதாரண டப்பாவைப்போலப் பல மடங்கு. அவற்றைத் தேடி வருகிறவர்கள் கன்னடத்தில் கேட்டாலும் தமிழில் கேட்டாலும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "பாப்பாவுக்குப் பால் ஒத்துக்கலை."

பால் குழந்தைக்கு ஒத்துக்கொள்ள வேண்டுமே என்ற கவலை இந்த ஊருக்குப் பழையது. ஹெப்பாளிலிருந்து சில கிலோமீட்டரில் செலுவாம்பா மாளிகை இருக்கிறது. மைசூர் இளவரசி ஒருவருக்காகக் கட்டிய அந்த மாளிகையில் 1950 அக்டோபரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் குடியேறியது. வி. சுப்ரமண்யன் அதன் முதல் இயக்குநர். அன்றைக்குக் குழந்தைப் பால்பவுடர் பெரும்பாலும் கப்பலில் வந்துகொண்டிருந்தது. நம்மிடம் இருந்தது எருமைப்பால். அதில் குழந்தை உணவு செய்ய முடியாது என்பதே மேல்நாட்டு நிபுணர்கள் பலரின் முடிவு. அதற்குக் காரணமும் இருந்தது. தாய்ப்பாலில் நூறு மில்லிக்கு ஏறத்தாழ ஒரு கிராம் புரதம் என்றால் பசும்பாலில் மூன்றேகால், எருமைப்பாலில் நான்கு. எருமைப்பாலின் கொழுப்போ ஏழு சதவீதத்தைத் தொடும். எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், வயிற்று அமிலம் பட்டதும் அது இறுகிய கட்டியாகத் திரிவது. பச்சிளம் குழந்தையின் இரைப்பை அந்தக் கட்டியைக் கரைக்கத் திணறும்.

எம்.ஆர். சந்திரசேகர, எம். சுவாமிநாதன் முதலியவர்களோடு சேர்ந்து சுப்ரமண்யன் 1957 வாக்கில் வெளியிட்ட ஆய்வுகளில் ஒன்று இந்தக் கட்டியின் இறுக்கத்தைப் பற்றியது. எருமைப்பாலைப் பலவிதமாகப் பக்குவம் செய்து, ஒவ்வொரு முறையும் திரிந்த கட்டி எவ்வளவு இறுகுகிறது என்று அளந்தார்கள். கேசின் என்ற புரதத்தைக் கால்சியம்தான் இறுக்கிக் கட்டுகிறது. அதன் பிடியைத் தளர்த்தினால் கட்டி பூப்போலத் திரியும். கொழுப்பைக் குறைத்தார்கள், சர்க்கரையும் வைட்டமின்களும் சேர்த்தார்கள். குஜராத்தின் ஆனந்தில் எச்.எம். தலாயா எருமைப்பாலைத் தெளித்து உலர்த்திப் பொடியாக்க முடியும் என்று காட்டியிருந்தார். மைசூரின் செய்முறையும் ஆனந்தின் எந்திரமும் சேர்ந்து அமுல் குழந்தை உணவு பிறந்தது. இந்திய உணவு அறிவியலின் பெருமைக்குரிய வேலைகளில் ஒன்று என்று இதைத் தயங்காமல் சொல்லலாம்.

அவர்கள் போட்ட கணக்கில் புரதம் இருந்தது, கொழுப்பு இருந்தது, செரிமானம் இருந்தது. விடுபட்டது குழந்தையின் குடலில் குடியிருக்கும் கூட்டம். அது அவர்கள் குற்றமில்லை. அன்று பால்பவுடர்க்காரர்கள் பெரும்பாலும் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அந்தக் கூட்டத்தைக் கண்டுபிடித்து அதற்குள் அரை நூற்றாண்டு ஆகியிருந்தது என்பதுதான் வேடிக்கை. 1899 வாக்கில் பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தில் ஆன்றி திசியே தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்தில் இரண்டாகக் கிளைத்த வடிவில் ஒரு பாக்டீரியாவைப் பார்த்தார். இன்று பிஃபிடோபாக்டீரியம் என்கிறோம். புட்டிப்பால் குழந்தைகளிடம் அது இவ்வளவு பெருகியிருக்கவில்லை. தாய்ப்பாலில் எதைத் தின்று அது கொழுக்கிறது என்பது தெளிவாக 1950கள் ஆயின. பால் ஜியோர்ஜி போன்றவர்கள் கைவைத்த அந்தப் பொருள் ஒருவகைச் சர்க்கரைச் சங்கிலி. தாய்ப்பாலில் இருநூறுக்கு மேற்பட்ட வகைகளில் இருக்கிறது. லிட்டருக்கு 5 முதல் 15 கிராம் வரை தேறும், சீம்பாலில் இன்னும் அதிகம். புரதத்தின் அளவே அவ்வளவுதான் என்பதை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய பங்கு என்று புரியும். ஆனால் அதைச் செரிக்கும் நொதி குழந்தையிடம் இல்லை. வயிறு, சிறுகுடல் எல்லாம் தாண்டி அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கிறது. பிள்ளை பெற்ற உடம்பு, தன் சத்தைச் செலவழித்து, பிள்ளைக்கு உதவாத ஒன்றை இவ்வளவு எதற்குச் சுரக்கிறது? பதில் 2008இல் பிஃபிடோபாக்டீரியம் இன்ஃபான்டிஸின் மரபணுத் தொகுப்பைப் படித்தபோது கிடைத்தது. இந்தச் சங்கிலிகளை முழுசாக உள்ளே இழுத்து அறுத்துத் தின்பதற்கென்றே அதனிடம் ஒரு கொத்து மரபணுக்கள் இருக்கின்றன. தாய்ப்பாலில் ஒரு பங்கு பாக்டீரியாவுக்கு வார்த்தது.

தின்ற பாக்டீரியா சும்மா இருப்பதில்லை. லாக்டிக் அமிலமும் அசிட்டிக் அமிலமும் கழித்துக் குடலைப் புளிக்க வைக்கிறது. புளித்த குடலில் நோய்க்கிருமிகளுக்கு வேரூன்ற இடம் கிடைப்பதில்லை. 2021இல் வெளியான ஓர் ஆய்வு இன்னொன்றும் சொன்னது: இன்ஃபான்டிஸ் உள்ள குழந்தைகளின் குடலில் இண்டோல் லாக்டிக் அமிலம் என்ற பொருள் மிகுந்திருக்கிறது, ஒவ்வாமைப் பக்கம் சாயும் நோயெதிர்ப்பு அணுக்களை அது அடக்கி வைக்கிறது. வங்கதேசம், காம்பியா போன்ற நாடுகளின் குழந்தைகளிடம் சாதாரணமாகக் காணப்படும் இந்தப் பாக்டீரியா அமெரிக்க, ஐரோப்பியக் குழந்தைகள் பலரிடம் இப்போது இல்லவே இல்லை.

இனி அந்த 'ஒத்துக்கலை'க்கு வருவோம். அதற்குள் பல சங்கதிகள் மறைந்து கிடக்கின்றன. பால் குடித்து நிமிடங்களில், அதிகபட்சம் இரண்டு மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் தடிப்பு, வாந்தி, மூச்சிரைப்பு என்று வந்தால் அது ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் கிளப்பும் ஒவ்வாமை. உயிருக்கே ஆபத்தாகலாம். ஒன்றிரண்டு நாள் கழித்து மலத்தில் சளியும் ரத்தக் கோடும் தெரிந்தால் அது ஐஜிஇ இல்லாத இன்னொரு வகை. ரத்தப் பரிசோதனையில் அது சிக்காது. வயிற்றுப்போக்கு வந்து ஓய்ந்த குழந்தைக்குக் கொஞ்ச நாள் லாக்டோஸ் செரிக்காமல் போவது மூன்றாவது. அது ஒவ்வாமையே கிடையாது, குடல் தேறியதும் சரியாகிவிடும். இவை தவிர, எல்லாக் குழந்தையும் கக்குகிற கக்கலும் மாலையானால் அழுகிற அழுகையும். டப்பா மாற்றப்படுவது பெரும்பாலும் இந்தக் கடைசிக் காரணத்துக்காகத்தான் என்பது என் சந்தேகம்.

வீட்டு வைத்தியம் வேறு வழியில் போகும். "பசும்பால் சேரலைன்னா ஆட்டுப்பால் குடுத்துப் பாரு கண்ணு" என்பார் ஆச்சி. பசுவின் பாலில் சண்டைக்கு முதலில் வரும் புரதங்கள் கேசினும் பீட்டா லாக்டோகுளோபுலினும். இரண்டாவதைத் தாயின் உடம்பு செய்வதே இல்லை. எருமை, ஆடு இரண்டின் பாலிலும் இவை ஏறத்தாழ அதே அச்சில் வார்த்தவை. பசும்பால் ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு ஆட்டுப்பாலும் ஆகாது. ஆச்சி சொல்வதில் ஒன்றுக்கு மட்டும் அறிவியலில் கொஞ்சம் இடம் உண்டு, அது கழுதைப்பால். தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் தெருவில் கழுதையை ஓட்டி வந்து, வாசலிலேயே கறந்து, சங்கில் ஊற்றிப் பச்சைக் குழந்தைக்குப் புகட்டிக் காசு வாங்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கழுதைப்பாலில் புரதம் குறைவு, கேசின் குறைவு, லாக்டோஸ் தாய்ப்பாலை ஒட்டிய அளவு. இத்தாலியின் தூரினில் 2007இல் பசும்பால் ஆகாத 46 குழந்தைகளுக்குக் கொடுத்ததில் 38 பேர் தாங்கிக்கொண்டார்கள். ஆனால் அங்கே மருத்துவமனையில் கண்காணிப்போடு, கொழுப்புக் குறைவை ஈடுகட்டிக் கொடுத்தார்கள். இங்கே காய்ச்சாத பாலும் கழுவாத சங்கும். பிறந்து பத்து நாள் ஆன குழந்தைக்கு அந்தச் சங்கு ஒவ்வாமையைவிட ஆபத்து.

ரத்தப் பரிசோதனை இதைத் தெளிவாக்கிவிடும் என்று நினைத்தால் மைசூரே அதற்கு மறுப்பு வைத்திருக்கிறது. யூரோபிரிவால் என்ற ஐரோப்பிய ஒவ்வாமை ஆய்வுத் திட்டம் சீனா, ரஷ்யா, இந்தியா வரை நீண்டபோது, இந்தியப் பகுதி கர்நாடகத்தில் நடந்தது. நடத்தியவர்களில் முக்கியமானவர் மைசூரு ஜேஎஸ்எஸ் மருத்துவக் கல்லூரியின் பி.ஏ. மகேஷ். 2016இல் வெளியான முடிவு: பெரியவர்களில் 26.5 சதவீதத்தினர் ரத்தத்தில் ஏதேனும் ஓர் உணவுக்கு எதிரான ஐஜிஇ இருந்தது. உண்மையில் ஒவ்வாமை இருக்கக்கூடியவர்களோ 1.2 சதவீதம்தான். அதில் முன்னால் நின்ற உணவுகளில் பால் ஒன்று. ஏழு முதல் பத்து வயது வரையிலான பள்ளிக் குழந்தைகளிடம் எண்ணிக்கை இன்னும் சிறிது, 0.14 சதவீதம். அதே ஆய்வில் ஹாங்காங் குழந்தைகளிடம் 1.5. பால் ஒவ்வாமை பெரும்பாலும் பள்ளிக்குப் போகும் முன்பே தணிந்துவிடுவது என்பதால் கைக்குழந்தைகளின் நிலையை இந்த எண் முழுசாகக் காட்டாது. ஆனாலும் பெரியவர்களிடம் கண்ட அந்த இடைவெளி வாயடைக்க வைக்கிறது. நான்கில் ஒருவர் உடம்பு உணவை எதிரி என்று குறித்து வைத்திருக்கிறது. நூற்றில் ஒருவர் உடம்புதான் சண்டைக்குப் போகிறது. மற்றவர்களை யார் தடுத்து நிறுத்துகிறார்கள்?

சிகாகோ பல்கலைக்கழகத்தில் காத்ரின் நாக்லர் குழு இந்தக் கேள்வியை எலிகளிடம் கேட்டது. கிருமியே படாமல் வளர்த்த எலிகளில் ஒரு தொகுதிக்கு ஆரோக்கியமான கைக்குழந்தைகளின் மலத்திலிருந்த பாக்டீரியாக்களையும், இன்னொரு தொகுதிக்குப் பால் ஒவ்வாமை உள்ள குழந்தைகளின் பாக்டீரியாக்களையும் குடியேற்றினார்கள். பிறகு பீட்டா லாக்டோகுளோபுலினை எல்லாவற்றின் உடம்புக்கும் அறிமுகப்படுத்திச் சீண்டினார்கள். ஒவ்வாமைக் குழந்தைகளின் பாக்டீரியா பெற்ற எலிகளின் உடல் வெப்பம் சட்டென்று சரிந்தது. எலியில் ஒவ்வாமை அதிர்ச்சிக்கு அதுதான் அடையாளம். ஆரோக்கியக் குழந்தைகளின் பாக்டீரியா பெற்றவை தப்பின. 2019 தொடக்கத்தில் வெளியான அந்த ஆய்வின் கடைசிப் படி இன்னும் அழகு: அனேரோஸ்டைப்ஸ் காக்கே என்ற ஒரே ஒரு பாக்டீரியாவை மட்டும் கொடுத்தாலும் காப்பு கிடைத்தது. லாக்டிக் அமிலத்தையும் அசிட்டிக் அமிலத்தையும் தின்று பியூட்டிரேட் செய்வது அதன் பிழைப்பு. பியூட்டிரேட் குடல் சுவரை இறுக்கமாக வைக்கிறது, நோயெதிர்ப்பை அடங்கியிருக்கச் சொல்லும் அணுக்களைப் பெருக்குகிறது. பிஃபிடோ கழித்ததை இது உண்கிறது. ஒன்றின் எச்சம் இன்னொன்றின் சோறு. இந்தப் பந்தி தாய்ப்பாலின் சர்க்கரைச் சங்கிலியில் தொடங்குகிறது.

எலியிலிருந்து குழந்தைக்கு வரும் பாதையில்தான் வியாபாரம் முந்திக்கொண்டுவிட்டது. நேபிள்ஸில் ராபர்ட்டோ பெர்னி கனானி குழு 2013இல் 260 குழந்தைகளைப் பற்றி எழுதியது. நறுக்கிய கேசினோடு லாக்டோபாசில்லஸ் ஜிஜி பாக்டீரியாவும் சேர்த்த டப்பாவைக் குடித்தவர்களில் 78.9 சதவீதம் பேர் ஒரு வருடத்தில் பசும்பாலைத் தாங்கினார்கள். பாக்டீரியா இல்லாத அதே ரக டப்பாவில் 43.6. அந்த எண்தான் உலகமெங்கும் மருத்துவர்களின் மேசைக்கு வந்து சேர்ந்தது. ஆனால் அந்த ஆய்வில் யாருக்கு எந்த டப்பா என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கவில்லை. அதே குழு பின்னர் குலுக்கல் முறையிலும் செய்து நல்ல பலன் கண்டது உண்மை. வேறொரு கூட்டணி, வேறு பாக்டீரியாவும் சர்க்கரையும் சேர்த்த அமினோ அமிலப் பாலைக் குலுக்கல் முறையில் கொடுத்துப் பார்த்து 2022இல் வெளியிட்டது. ஒரு வருட முடிவில் சேர்த்த பக்கம், சேர்க்காத பக்கம் இரண்டிலும் ஏறத்தாழப் பாதிப் பேர் தாமாகவே தேறியிருந்தார்கள். வித்தியாசம் இல்லை. ஒவ்வாமையைத் தணிக்க இன்ன பாக்டீரியா கொடுங்கள் என்று உறுதியாகச் சொல்ல மருத்துவ அமைப்புகள் இன்னும் தயாராக இல்லாததற்கு இதெல்லாம் காரணம். 'புரோபயோட்டிக்' என்று ஒரே பெயரில் எல்லாவற்றையும் வாரி அள்ளுவதுதான் பெரிய கோளாறு.

ஒடிசாவின் கதை அதற்குச் சான்று. பினாகி பாணிகிராகி தலைமையிலான குழு அங்கே 149 கிராமங்களில், தாய்ப்பால் குடித்துக்கொண்டிருந்த 4,556 பச்சிளம் குழந்தைகளைக் கொண்டு குலுக்கல் ஆய்வு செய்தது. பாதிப் பேருக்குப் பிறந்த சில நாளில் தொடங்கி ஏழு நாள் மட்டும் லாக்டோபாசில்லஸ் பிளாண்டாரமும் அதற்கு இரையாக ஒரு சர்க்கரையும். இரண்டு மாதத்தில் ரத்தத் தொற்றோ மரணமோ நேர்ந்தது போலிப்பொடி பெற்றவர்களில் 9 சதவீதம், பாக்டீரியா பெற்றவர்களில் 5.4. 2017இல் இந்த முடிவு வந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் கடையில் இருக்கும் பொட்டலத்தில் அந்தப் பாக்டீரியா ரகம் இல்லை. அந்தக் குழு பல ரகங்களைச் சோதித்து, குடலில் ஒட்டி நிற்கிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தது அது. இன்னொரு பக்கம், 2023இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் குறைமாதக் குழந்தைகளுக்கு இப்படிப்பட்ட பொருட்களைக் கொடுப்பது பற்றி எச்சரித்தது. கொடுத்த பாக்டீரியாவே ரத்தத்தில் கலந்து ஒரு குழந்தை இறந்திருந்தது. நல்லது செய்யும் கிருமியும் கிருமிதான்.

பெற்றோருக்கு உடனே உதவக்கூடியது ஜப்பானிலிருந்து வந்திருக்கிறது, அதுவும் ஒன்றோடொன்று முரண்படுவதுபோலத் தோன்றும் இரண்டு ஆய்வுகளாக. தோக்கியோவில் 2019இல் வெளியானது முதலாவது. பிறந்த முதல் மூன்று நாள் பால்பவுடரை அறவே தவிர்த்த குழந்தைகளில் இரண்டாவது பிறந்தநாளில் பாலுக்கு ஐஜிஇ உண்டாகியிருந்தது 16.8 சதவீதம் பேரிடம். முதல் நாளிலிருந்தே தாய்ப்பாலோடு கொஞ்சம் பால்பவுடர் கொடுத்தவர்களில் 32.2. ஒக்கினாவாவில் 2021இல் வெளியானது இரண்டாவது. ஒரு மாதக் குழந்தைக்குத் தினமும் பத்து மில்லியாவது பால்பவுடரை இரண்டாவது மாதம் வரை விடாமல் கொடுத்தபோது பால் ஒவ்வாமை 0.8 சதவீதம். தவிர்த்தவர்களில் 6.8. இரண்டையும் சேர்த்துப் படித்தால், பிறந்த கையோடு ஒரு வாய் டப்பா பால் கொடுத்துவிட்டு அப்புறம் வாரக்கணக்கில் நிறுத்துவதுதான் உடம்பை அதிகம் குழப்புகிறது போலிருக்கிறது.

நம் ஊரில் நடப்பது பெரும்பாலும் அதுவேதான். சேனை வைக்கிறோம் என்று தேனும் சர்க்கரைத் தண்ணீரும் தொட்டு வைத்த காலம் குறைந்து, அந்த இடத்துக்கு மருத்துவமனையின் அரை அவுன்ஸ் டப்பா பால் வந்திருக்கிறது. அறுவை முடிந்து அம்மாவுக்கு மயக்கம் தெளியும்வரை பிள்ளை பசியில் அழக் கூடாதே என்ற நல்லெண்ணம். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் அறுவைப் பிரசவம் தமிழ்நாட்டில் 44.9 சதவீதம், கர்நாடகத்தில் 31.5. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் நாடு முழுவதும் 41.8 சதவீதம். அறுவையில் பிறக்கும் குழந்தை அம்மாவின் குடலிலிருந்து பெற வேண்டிய பாக்டீரியாக்களில் சிலவற்றைத் தாமதமாகவே பெறுகிறது. அம்மாவுக்குக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக்கும் தன் பங்குக்குச் சில வகைகளைத் துடைக்கிறது. மயக்கம் தெளிந்ததும் படுத்தபடியே பால் கொடுக்க ஒரு நர்ஸ் கூட நின்று உதவினால் அந்த அரை அவுன்ஸுக்கே வேலை இருக்காது.

ஒவ்வாமை நிஜமாகவே இருக்கிறது என்று மருத்துவர் சந்தேகித்தாலும் தாய்ப்பாலை நிறுத்தச் சொல்ல வேண்டிய அவசியம் அநேகமாக வராது. அம்மா சாப்பிடும் பாலின் புரதம் துளியளவு தாய்ப்பாலில் வரும் என்பதால் அம்மா இரண்டிலிருந்து நான்கு வாரம் பால், தயிர், மோர், நெய் எல்லாவற்றையும் விட்டுப் பார்ப்பது வழக்கம். அதற்கப்புறம் செய்ய வேண்டியதைத்தான் பலர் செய்வதில்லை: மறுபடி சாப்பிட்டுப் பார்ப்பது. தொல்லை திரும்பினால்தான் அது ஒவ்வாமை. திரும்பவில்லையென்றால் குழந்தை தானாகத் தேறியிருக்கிறது, காபியில் நந்தினி பாலை ஊற்றிக்கொள்ளலாம். தடிப்பும் மூச்சிரைப்புமாக வந்த குழந்தைக்கு இந்தச் சோதனையை மருத்துவமனையில் வைத்துச் சில துளியில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றிச் செய்வார்கள். பக்கத்திலேயே அட்ரினலின் ஊசி தயாராக இருக்கும்.

கர்நாடகத்தில் அந்த ஒவ்வாமை ஆய்வு நடந்தபோது பள்ளியில் இருந்த குழந்தைகள் இப்போது பிள்ளை பெறும் வயதுக்கு வந்துவிட்டார்கள். அவர்களில் பலர் வீட்டில் பிறந்தவர்கள், அல்லது சுகப்பிரசவத்தில் பிறந்தவர்கள், அவ்வளவு ஆன்டிபயாட்டிக் பார்க்காதவர்கள். அவர்கள் பிள்ளைகள் பிறக்கும் விதம் வேறு. 26.5க்கும் 1.2க்கும் நடுவே இருந்த அந்த இடைவெளியைக் காத்தது குடல் பாக்டீரியாதான் என்றால், இந்தத் தலைமுறையில் அது சுருங்கியிருக்க வேண்டும். அதே ஊரில், அதே முறையில், இம்முறை கைக்குழந்தையிலிருந்தே தொடங்கி மறுபடி எண்ணினால் தெரிந்துவிடும்.